கன்னத்துல பேஸ்ட் ஒட்ட மாட்டேங்குது: வாய் லைக்கன் பிளானஸும் வறட்சியும்

#1 மாசிவீதி

மருந்துக்கடைக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச புகார் இது. வாய்க்குள்ள லைக்கன் பிளானஸ்ங்கிற அழற்சி நோய்; ரெண்டு கன்னத்துலயும் உள்பக்கம் வலை பின்னின மாதிரி வெள்ளைக் கோடு, நடுவுல செவசெவன்னு புண். டாக்டர் ட்ரையாம்சினோலோன்ங்கிற ஸ்டீராய்டு, 0.1 சதவீத பேஸ்ட் எழுதியிருப்பார். ரெண்டாம் நாளே டியூபோட திரும்பி வருவாங்க. "தடவுனா மணல் மாதிரி உதிருது, நிக்கவே மாட்டேங்குது, வேற கம்பெனி குடுங்க." கம்பெனியை மாத்திக் குடுத்தாலும் அதே பேச்சு. இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டா, வாய் எந்நேரமும் காய்ஞ்சு கிடக்குதும்பாங்க. சித்திரை வெயில்ல இன்னும் கூடும்.

வறட்சி இந்த நோயாலேயே வருதா, வேற எதுனாலயாவதா? காய்ஞ்ச வாயில பேஸ்டை எப்படி நிக்க வைக்கிறது? கவுன்டர்ல நின்னுக்கிட்டே சொல்லிக் குடுக்கிற அளவுக்கு விவரம் வேணும்.

#2 பல்லாண்டு

பேஸ்டுல இருந்தே ஆரம்பிக்கலாம், அதுல பாதி விஷயம் அடங்கிடும்.

அந்த டியூபுக்குள்ள ஸ்டீராய்டை விட மத்ததுதான் அதிகம்: ஜெலட்டின், பெக்டின், சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். இந்த மூணு பொடியையும் எண்ணெய்ப்பசை உள்ள ஒரு தளத்துல குழைச்சு வச்சிருக்காங்க. பொடி ஈரத்தை உறிஞ்சி உப்பி, கோந்து மாதிரி ஆகி கன்னத்தைப் பிடிக்கணும். அதனால ரெண்டு விதமா கெட்டுப்போகும். எச்சில் குளமா நிக்கிற வாயில வச்சா, பிடிக்கிறதுக்கு முன்னாடியே மிதந்து போயிடும். சொட்டு ஈரமில்லாத வாயில வச்சா, பொடிக்கு உறிஞ்ச எதுவும் இல்ல; எண்ணெய் வழுக்கும், பொடி உதிரும். மணல்னு சொல்றாங்களே, அது இதுதான். தேய்ச்சாலும் அதே மணல்தான் வரும். களிம்பு தேய்ச்சே பழகின கை, இங்கேயும் தேய்க்கும்.

வைக்கிற முறை: சாப்பிட்டு, வாய் கொப்புளிச்ச பிறகு. காய்ஞ்ச வாய்க்காரங்க ஒரு வாய் தண்ணியை அரை நிமிஷம் கன்னத்துல வச்சிருந்து துப்பணும். துணியால ஒத்தி எடுக்க வேணாம். அது எச்சில் நிறைய உள்ளவங்களுக்கான படி. பேஸ்ட் அரை சென்டிமீட்டர் நீளம் போதும். சுத்தமான விரல் நுனியைத் தண்ணியில நனைச்சு, அதுல பேஸ்டை எடுத்து, புண் மேல ஒத்தி அழுத்திட்டு அப்படியே விட்டுடணும். மெல்லிசா, வழவழன்னு ஒரு படலம் வந்ததும் கையை எடுக்கலாம். பிறகு அரை மணி நேரம் தண்ணி கூட வேணாம். ராத்திரி படுக்கும் முன்னாடி வைக்கிறதுதான் ரொம்ப நேரம் நிக்கும்.

ரெண்டு மூணு இடத்துக்கு மேல புண் இருந்தா பேஸ்டோட மல்லுக்கட்டாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டு கொப்புளிக்கிற ஸ்டீராய்டுக்கு மாறிடலாம்: பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரை ஒண்ணு, 10 மி.லி. தண்ணியில கரைச்சு, மூணு நிமிஷம் வாய்க்குள்ள சுழற்றி, துப்பிடணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம்ங்கிறது சீட்டுல உள்ளபடி.

#3 மாசிவீதி

டாக்டர், இதுல கடைக்காரங்க பக்கம் ஒரு தப்பு நடக்குது, சொல்லிடறேன். அட்டையில "பீட்டாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட்"னு இருந்தாத்தான் தண்ணியில கரையும். வெறும் பீட்டாமெத்தசோன்னு இருந்தா கரையாது. பொடி டம்ளர் அடியில தங்கிடும், கொப்புளிக்கிறது வெறும் தண்ணியா இருக்கும். ஒரே 0.5 மி.கி.தானேன்னு மாத்திக் குடுக்கக் கூடாது.

சர்க்கரை உள்ளவங்ககிட்ட "முழுங்காதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லணும். கொப்புளிக்கிற மருந்துன்னு சொல்லலைன்னா மாத்திரைதானேன்னு முழுங்கிட்டு வர்றவங்க உண்டு.

#4 கூடல்நகர்

முதல் கேள்விக்கு வர்றேன். நோயாலேயே எச்சில் குறையுதான்னு அளந்து பார்த்த ஆய்வுகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. சிலதுல குறைவு, சிலதுல மத்தவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா "வாய் காயுது"ன்னு சொல்றவங்க இந்த நோய்க்காரங்கள்ல கூடுதல், அதுல சந்தேகம் இல்ல. காயுற உணர்வு வேற, எச்சில் குறையுறது வேற. புண்ணாகித் தோல் மெலிஞ்ச கன்னம் சொரசொரன்னு இருந்தாலே மூளைக்கு "காய்ஞ்சிருக்கு"ன்னுதான் செய்தி போகும். லைக்கன் பிளானஸ்ல டி-செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) தாக்குறது கன்னத்தோலோட அடி அடுக்கை. எச்சில் சுரப்பியை இல்ல. அதனால எச்சில் நிஜமாவே குறைஞ்சிருந்தா, "லைக்கன்தான், அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடாம வேற காரணத்தைத் தேடணும். என்னோட கட்சி அதுதான்.

தேடுற முதல் இடம் மாத்திரை டப்பா. லைக்கன் தோல்லயும் இருந்தா அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின் குடுப்பாங்க. வாயைக் காய வைக்கிறதுல அது பெரிய கை. சளிக்கு வாங்குற குளோர்ஃபெனிரமினும் அப்படித்தான். வாய் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. குடுத்தா எரிச்சல் குறையும், வாய் காயும், காய்ஞ்சதும் திரும்ப எரியும். ஒரு டாக்டர் எழுதினது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. தோல் லைக்கனுக்கு அசிட்ரெட்டின் சாப்பிடறவங்களுக்கு உதடும் வாயும் காயுறது எதிர்பார்த்ததே. சிறுநீர் அடக்க முடியாததுக்கு ஆக்ஸிபியூட்டினின், வயித்துப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், நீர் பிரியிற மாத்திரைகள். எல்லாம் வரிசையில உண்டு.

இன்னொரு வளைவு: ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு வாயையும் காய வைக்கும், லைக்கன் மாதிரியே தோற்றமளிக்கிற எதிர்வினையையும் கிளப்பும். பீட்டா பிளாக்கர், ஏசிஇ தடுப்பான் மாதிரி மத்த பிரஷர் மாத்திரைங்க, வலி மாத்திரை இதுங்களுக்கும் அந்தப் பேர் உண்டு. ஆனா நிறுத்தினா மறுநாளே சரியாகாது, வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். அதனால யாரும் தானா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு "ஒண்ணும் மாறலையே"ன்னு வராதீங்க. எந்த மாத்திரை எந்த மாசம் ஆரம்பிச்சது, வாய் எந்த மாசம் காய ஆரம்பிச்சதுன்னு ஒரு தாளில் எழுதி டாக்டர்கிட்ட நீட்டுங்க. அவருக்கு அந்தத் தாள் போதும்.

#5 யானைமலை

வறட்சிக்கு இத்தனை சுத்து எதுக்கு? ஒரு நெல்லிக்காயை ஓரமா அடக்கிக்கிட்டா தானா ஊறுது. இல்ல எலுமிச்சை மிட்டாய். காலங்காலமா செய்றதுதானே.

#6 பல்லாண்டு

ஊறும், யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு இடத்துல அடி விழும். புண் உள்ள கன்னத்துல புளிப்பு பட்டா கண்ணுல தண்ணி வரும். அதைத் தாங்கினாலும் பல் தாங்காது. பல்லோட எனாமல் கரைய ஆரம்பிக்கிறது பிஎச் 5.5 அளவுல (பிஎச் குறையக் குறைய அமிலம் கூடுதல்). ஈறு இறங்கி வேர் வெளியே தெரிஞ்சா, அது அதுக்கும் முன்னாடியே, 6.2 - 6.7லயே கரைய ஆரம்பிக்கும். புளிப்பைக் கழுவி அமிலத்தை முறிக்கிறது எச்சிலோட வேலை. எச்சிலே இல்லாத வாயில புளிப்பை அடக்கினா அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆறு மாசத்துல ஈறோரமா வரிசையாச் சொத்தை. சீனி மிட்டாயா இருந்தா கேட்கவே வேணாம்.

ஊற வைக்கணும்னா சீனியில்லாத, சைலிட்டால் போட்ட சூயிங் கம் எடுங்க. சாப்பிட்ட பிறகு ஒண்ணு, பத்துப் பதினைஞ்சு நிமிஷம், புண் குறைவான பக்கமா மெல்லணும். பட்டை வாசனை உள்ளது வேணவே வேணாம். பட்டையே சிலருக்கு லைக்கன் மாதிரி புண்ணைக் கிளப்பும். புதினாவும் எரிஞ்சா விட்டுடுங்க. புண் பெரிசா திறந்து கிடக்கிற நாட்கள்ல மெல்றதே உரசல், அப்போ கம் கிடையாது. (வீட்டுல நாய் இருந்தா டப்பாவை எட்டாத இடத்துல வைங்க. சைலிட்டால் நாய்க்கு விஷம்.)

#7 யானைமலை

சரி, நெல்லிக்காயை விட்டுடறேன். சோழவந்தான் வெத்தலை? பாக்கு, புகையிலை இல்லாம, வெறும் கொழுந்து?

#8 ஈறுகாவல்

அண்ணே, சோழவந்தான் வெத்தலைக்குப் பேரே அந்தக் காரத்துலதான். நல்ல வாய்க்கு அது ருசி, இந்த வாய்க்கு நெருப்பு. சுண்ணாம்பு சேர்ந்தா இன்னும். "வெறும் வெத்தலை"ன்னு ஆரம்பிக்கிற கை எத்தனை நாள்ல சீவலுக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும்.

தாம்பூலம் அடக்குற இடத்துல, அந்த ஒரு பக்கம் மட்டும், லைக்கன் மாதிரியே வெள்ளைக் கோடு வரும். நிஜ லைக்கன் ரெண்டு கன்னத்துலயும் இருக்கும். இது அடக்குற பக்கத்தோட நிக்கும், பழக்கத்தை விட்டா மங்கும். பாக்கு போடுறவங்ககிட்ட இன்னொண்ணையும் பார்த்துடணும்: அவங்க மூணு விரலைச் செங்குத்தா அடுக்கி வாய்க்குள்ள நுழைக்க முடியுதா? ரெண்டுக்கு மேல போகலைன்னா, கன்னம் நார் நாரா இறுகி வெளுத்திருந்தா, அது வேற கதை. பாக்கால வர்ற சப்மியூகஸ் ஃபைப்ரோஸிஸ். அதுலயும் காரம் எரியும், வாய் காயும். மேலூர், வாடிப்பட்டி பக்கம் பாக்கும் குட்காவும் போடுற ஆட்களுக்கு இந்த விரல் சோதனை இல்லாம பேஸ்ட் குடுக்கிறது தப்பு.

#9 மாசிவீதி

காயுற உணர்வா, நிஜமா குறைவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிதானா?

#10 பல்லாண்டு

எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் ஓரல் மெடிசின் (வாய் நோய்) பிரிவுல அளந்து குடுப்பாங்க. வீட்டிலயும் ஓரளவு முடியும்.

இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற அளவு மூடி ஒண்ணு, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒண்ணு. காலையில 9 மணியில இருந்து 11க்குள்ள. அதுக்கு முந்தின ஒரு மணி நேரம் சாப்பாடு, காபி, பல் துலக்கல், வெத்தலை, பீடி எதுவும் கூடாது. ஃபேன் முகத்துல அடிக்காத இடத்துல உட்கார்ந்து, வாயில இருக்கிறதை ஒரு தடவை முழுங்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கணும். தலையைக் குனிஞ்சு, உதட்டைத் திறந்து, மூடிக்குள்ள தானா வடிய விடணும். உறிஞ்சக் கூடாது, நாக்கை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது. சமையல்கட்டுல தாளிக்கிற வாசனை வந்தாலே கணக்கு கெட்டுடும். 15 நிமிஷம் முடிஞ்சதும் மிச்சத்தைத் துப்பிட்டு, நுரை அடங்குற வரைக்கும் வச்சிருந்து, சிரிஞ்சுல இழுத்து அளவு பாருங்க.

15 நிமிஷத்துல 1.5 மி.லி. அல்லது அதுக்கும் குறைவுன்னா, அதாவது நிமிஷத்துக்கு 0.1 மி.லி., எச்சில் நிஜமாவே குறைவு. சாதாரணமா சும்மா இருக்கிறப்போ நிமிஷத்துக்கு 0.3 - 0.4 வரும்.

நடுவுல ஒரு பொறி இருக்கு. ஒருத்தரோட வழக்கமான அளவு பாதியாக் குறைஞ்சாலே அவருக்கு வறட்சி தெரிய ஆரம்பிச்சிடும். 0.4 வந்தவருக்கு 0.2 ஆனா, கணக்குப்படி "குறைவு இல்லை", அவருக்கு வாய் காயும். அதனால ஒரு தடவை அளந்துட்டு "எல்லாம் மனப்பிரமை"ன்னு அனுப்பிடாதீங்க. அதே நேரத்துல, அதே முறையில, மாசம் ஒரு தடவை அளந்து எழுதி வச்சாத்தான் அர்த்தம். மாத்திரை மாத்தினா மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

மூடி, சிரிஞ்செல்லாம் வேணாம்னா கேள்வியாவது கேளுங்க: சப்பாத்தியைத் தண்ணி இல்லாம முழுங்க முடியுதா? ராத்திரி தண்ணிக்காக எந்திரிக்கிறாங்களா? பல் டாக்டர் கண்ணாடியைக் கன்னத்துல வச்சு எடுக்கிறப்போ ஒட்டிக்கிட்டு வருதா?

#11 கூடல்நகர்

அளவு குறைவா வந்து, கூடவே கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தா ஷோக்ரன் நோயை (உடம்போட எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர் சுரப்பிகளைத் தாக்குறது) நினைக்கணும். மதுரை அண்ணா நகர் அரவிந்த் மாதிரி எந்தக் கண் ஆஸ்பத்திரியிலயும் ஷெர்மர் சோதனை செய்வாங்க. கீழ் இமையில காகிதத் துண்டை மடிச்சு வச்சு, 5 நிமிஷத்துல எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு பார்ப்பாங்க. 5 அல்லது அதுக்குக் கீழன்னா கண்ணும் காய்ஞ்சிருக்கு. பிறகு ரத்தத்துல எஸ்எஸ்ஏ எதிர்ப்பொருள், தேவைப்பட்டா கீழ் உதட்டுச் சின்ன சுரப்பி பயாப்ஸி (துளி சதை எடுத்துப் பார்க்கிறது). 2016ல வந்த வகைப்பாட்டுல இந்த ரெண்டுக்கும் தலா 3 புள்ளி, கண்ணீர்க் குறைவுக்கும் எச்சில் குறைவுக்கும் தலா 1. மொத்தம் 4 வந்தா ஷோக்ரன். வெறும் வாய் வறட்சியை வச்சு யாரும் அந்தப் பட்டத்தைக் கட்ட முடியாதுன்னு இதுலயே தெரியும்.

ஈரலைத் தாக்குற ஹெபடைடிஸ் சி வைரஸையும் பார்த்துடலாம். லைக்கனோட அதுக்குத் தொடர்பு உண்டு, எச்சில் சுரப்பியையும் வீங்க வச்சுக் காய வைக்கும். ஒரே ரத்தச் சோதனை. HbA1c-யை "மூணு மாசச் சர்க்கரை"ன்னு நம்மூர்ல சொல்வாங்களே, அதையும் அதே ஊசியில எடுத்துடலாம்.

#12 ஈறுகாவல்

எல்லாரும் தாண்டிப் போற ஒண்ணு இருக்கு: பூஞ்சை. எச்சில் குறைஞ்ச வாய், அதுல ஸ்டீராய்டு. கேண்டிடாங்கிற அந்தப் பூஞ்சைக்கு இதை விட நல்ல நிலம் கிடைக்காது. மருந்து போட்டு மூணு வாரம் குறைஞ்சுக்கிட்டே வந்த எரிச்சல் திடீர்னு ஏறினா, "லைக்கன் கூடிடுச்சு, டோஸை ஏத்துவோம்"னு போறதுதான் வழக்கமான தப்பு. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையா இருந்து, துணியால துடைச்சா வந்தா பூஞ்சை. லைக்கன் கோடு துடைச்சா வராது. ஆனா வெள்ளையே இல்லாம நாக்கு நடுவுல செக்கச்செவேல்னு வழுக்கையாகிற பூஞ்சையும் உண்டு, அதைத்தான் கோட்டை விடுறோம். வாயோரம் ரெண்டு பக்கமும் வெடிச்சிருந்தா பூஞ்சைக்கு இன்னொரு சாட்சி.

பூஞ்சை மருந்துல க்ளோட்ரிமசோல் 1 சதவீத வாய்ப் பெயின்ட்தான் இங்கே சுலபமாக் கிடைக்கும். சப்புற மாத்திரையா எழுதினா காய்ஞ்ச வாயில கரையாது. கல் மாதிரி கிடந்து புண்ணைச் சுரண்டும். மைக்கோனசோல் ஜெல் நல்லா ஒட்டும், ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்குக் கூடாது. வாயில தடவுறதுதானேன்னு நினைக்காதீங்க, அது உள்ளே போய் வார்ஃபரினை ஏத்தி ரத்தக் கசிவு வரைக்கும் கொண்டுபோகும். இதய வால்வு மாத்தினவங்ககிட்ட கேட்காம குடுக்கக் கூடாது.

பல் செட் வச்சிருந்தா ராத்திரி கழட்டியே ஆகணும். செட்டுக்கு மருந்து போடாம வாய்க்கு மட்டும் போட்டா, காலையில செட்டுல இருந்து பூஞ்சை திரும்ப ஏறிக்கும். காய்ஞ்ச வாயில செட் வழுக்காம உரசும். உரசுற இடத்துல லைக்கன் புதுசா முளைக்கும். கூரான பல் விளிம்பு, செட்டோட கம்பி எல்லாத்தையும் டாக்டர்கிட்ட ராவி விட்டுடணும்.

#13 மாசிவீதி

கரையாத மாத்திரைன்னதும் நினைவு வருது. நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட்டும் காய்ஞ்ச வாயில சட்டுனு கரையாது. நெஞ்சுவலி நேரத்துல அது நல்லதில்ல. முதல்ல ஒரு மடக்கு தண்ணியால வாயை நனைச்சுட்டு மாத்திரையை வைக்கணும். இதயத்துக்காரங்க சட்டைப் பையில மாத்திரையோட சின்ன பாட்டில் தண்ணியும் இருக்கட்டும்.

#14 வெண்டைக்காய்

சாப்பாட்டுப் பக்கம் யாரும் வரலையே. மதுரைக்காரங்ககிட்ட "காரம் வேணாம்"னு மட்டும் சொல்லி அனுப்பினா மூணாம் நாள் சால்னாவுக்குத் திரும்பிடுவாங்க. என்ன சாப்பிடலாம்னு சொல்லணும்.

காய்ஞ்ச வாய்க்கு விரோதி ரெண்டு: காரம்/புளிப்பு, அப்புறம் மொறுமொறுப்பு. முறுக்கு, அப்பளம், பொரி, பரோட்டாவோட கருகின ஓரம் எல்லாம் புண்ணைக் கீறும், எச்சில் இல்லாததால கழுவிப் போகாது. ஈரமா, வழவழன்னு, ஆறினதா இருக்கணும். இடியாப்பம் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு மசியலோட குழைஞ்ச சாதம், நெய் விட்ட பொங்கல் (மிளகை எடுத்துட்டு), புளிக்காத கம்பங்கூழ். இட்லிக்குச் சட்னி வேணாம், மிளகாய் கிள்ளிப் போடாத பருப்பு ஊத்திக்கங்க. ரசம், வத்தக்குழம்பு புண் ஆறுற வரைக்கும் கிடையாது. சீசன்ல நுங்கு அருமையான சாமான். மென்மை, குளிர்ச்சி, மெல்ல வேண்டியதில்ல.

பருத்திப்பால் உடம்புக்கு நல்லதுதானேன்னு கேட்பாங்க. அதுல சுக்கும் கருப்பட்டியும் இருக்கு. ஒண்ணு எரியும், ஒண்ணு பல்லைத் தின்னும். ஜிகர்தண்டாவும் சீனிக் கிண்ணம்தான். ஆனா அதுல இருக்கிற பாதாம் பிசினை மட்டும் தனியா எடுத்துக்கலாம்: ஒரு டீஸ்பூன் பிசினை ராத்திரி ரெண்டு டம்ளர் தண்ணியில ஊற வச்சா காலையில ஜெல்லியா உப்பியிருக்கும். சீனி, சர்பத் சேர்க்காம கொஞ்சம் கொஞ்சமா வாயில வச்சு முழுங்கலாம். இது மருந்துன்னு சொல்லல, வழவழப்பு அரை மணி நேரம் இதமா இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணியை மொண்டு மொண்டு குடிக்கிறதுலயும் பலன் இல்ல. வாயில இருக்கிற கொஞ்சநஞ்ச வழவழப்பையும் அது கழுவிட்டுப் போயிடும். ஒரு மடக்கு, வாய்க்குள்ள சுத்தி, முழுங்கணும். திரும்ப இருபது நிமிஷம் கழிச்சு. சிறுநீரகம், இதயம்னு தண்ணி அளவு கட்டினவங்களுக்கு ஐஸ் சில்லு ஒண்ணு போதும். இளநீரை நாள் முழுக்க உறிஞ்சிக்கிட்டே இருக்காதீங்க, குடிச்சா ஒரே வீச்சுல குடிச்சு முடிங்க.

#15 யானைமலை

அக்கா, நல்லெண்ணெய் கொப்புளிக்கிறதையாவது விட்டு வைப்பீங்களா?

#16 பல்லாண்டு

விட்டு வைக்கிறோம். எரியாது, கொஞ்ச நேரம் வழவழப்பு இருக்கும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு டீஸ்பூன், அஞ்சு நிமிஷம், துப்பிடணும். லைக்கன் அதால ஆறாது. ஸ்டீராய்டு வைக்கிறதுக்கு முன்னாடி செய்யவே கூடாது, எண்ணெய்ப் படலத்துக்கு மேல எதுவும் பிடிக்காது. படுத்த படுக்கையா இருக்கிறவங்க, விக்கல் புரையேற்றம் உள்ள வயசானவங்க வாயில எண்ணெய் ஊத்தாதீங்க. நுரையீரலுக்குள்ள போனா எண்ணெய் நிமோனியா.

ராத்திரிக்கு அதை விட நல்லது செயற்கை எச்சில். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போட்டதே இங்கே அதிகம் கிடைக்கிறது. ஒரு டீஸ்பூன் எடுத்து நாக்கால கன்னம், அண்ணம் எல்லாம் பூசி விடணும். பலன் கொஞ்ச நேரம்தான். அதனால சாப்பிடறதுக்கு முன்னாடி, நிறையப் பேசறதுக்கு முன்னாடி, படுக்கப் போறப்போன்னு நேரம் பார்த்து எடுத்தாத்தான் காசுக்குப் பிரயோஜனம். புளிப்புச் சுவை உள்ளதா இருந்தா சொந்தப் பல் உள்ளவங்க வாங்க வேணாம். டேபிள் ஃபேனை முகத்தை விட்டுக் காலுக்குத் திருப்புங்க. மூக்கடைப்பு இருந்தா அதைப் பாருங்க. வாயால மூச்சு விடுறவங்களுக்கு எந்த ஜெல்லும் விடியுற வரைக்கும் நிக்காது.

#17 ஈறுகாவல்

பல்லுக்கு: நுரை வர்ற பேஸ்டுல இருக்கிற சோடியம் லாரில் சல்பேட் இந்த வாய்க்கு ஆகாது. டியூப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், அது இல்லாததா எடுங்க. கிராம்பு, பட்டை வாசனை வேணாம். குழந்தைங்க பேஸ்ட் எரியாதுன்னு வாங்குறாங்க, சரிதான், ஆனா ஃப்ளோரைடு எவ்வளவுன்னு பாருங்க. சிலதுல 500 பிபிஎம்தான் இருக்கும், பெரியவங்களுக்கு அது பத்தாது. நம்ம நாட்டுச் சட்டப்படி பேஸ்டுக்கு உச்சவரம்பே 1000 பிபிஎம். காய்ஞ்ச வாய்க்கு அதுவும் சில நேரம் போதாது. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கிறது நல்லது. துலக்கின பிறகு துப்பணும், தண்ணி விட்டு அலசக் கூடாது.

உசிலம்பட்டி வட்டாரத்துல சில ஊர்க் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு கூடுதல்தான், அதனால "எங்களுக்கு எதுக்குப் பேஸ்ட்டுல வேற"ன்னு கேட்பாங்க. குடிக்கிற தண்ணி வேற, துப்புற பேஸ்ட் வேற. பெரியவங்களுக்கு அந்தப் பயம் வேணாம்.

ஈறு லைக்கன்ல துலக்கினா ரத்தம் வருதுன்னு துலக்குறதையே விட்டுடறாங்க. அழுக்கு படிஞ்சா ஈறு இன்னும் சிவக்கும். ரொம்ப மிருதுவான பிரஷ், ஈறுக்குச் சாய்வா வச்சுச் சின்னச் சின்ன அசைவு.

கொப்புளிக்க: கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஆப்ப சோடா அரை டீஸ்பூன். உப்பு சேர்க்க வேணாம், புண்ணுல காந்தும். அரை நிமிஷம், துப்பணும், நாளுக்கு மூணு நாலு தடவை, தினம் புதுசாக் கலக்கணும். பேக்கிங் பவுடர் இல்ல, அதுல அமிலம் கலந்திருக்கு. சலவை சோடா? சிரிக்காதீங்க, "சோடா"ன்னு மட்டும் எழுதிக் குடுத்தா மளிகைக் கடையில எது வேணா கிடைக்கும்.

#18 மாசிவீதி

எச்சில் சுரக்க வைக்கிற பைலோகார்பின் மாத்திரை எழுதினா குடுக்கலாமா? அந்தச் சீட்டு வந்தா என்ன கேட்கணும்?

#19 கூடல்நகர்

சுரப்பி கொஞ்சமாவது உயிரோட இருந்தாத்தான் அது வேலை செய்யும். 5 மி.கி., நாளுக்கு மூணு தடவைன்னு வரும். கட்டுக்குள்ள இல்லாத ஆஸ்துமா, குறுகிய கோண கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ரெண்டுக்கும் கூடாது. அட்டினோலால், மெட்டோபிரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிட்டா எழுதின டாக்டர்கிட்ட ஒரு போன். வேர்த்துக் கொட்டும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா நாலு நாள்ல நிறுத்திடுவாங்க. மே மாச மதுரையில வேர்வை கூடுறது விளையாட்டில்ல, தண்ணி சேர்த்துக் குடிக்கணும். ஒரு வாரத்துல முடிவு கட்டாதீங்க, ரெண்டு மூணு மாசம் பார்க்கணும். வறட்சிக்குக் காரணமே ஹைட்ராக்ஸிசினா இருந்தா, அதை நிறுத்தாம இதைச் சேர்க்கிறது ஒரு கையால ஊத்தி ஒரு கையால இறைக்கிற வேலை. கண்ணுக்கு விடுற பைலோகார்பின் சொட்டை வாயில விட்டுக்கலாமான்னு யாராவது கேட்டா, கூடவே கூடாது.

#20 பல்லாண்டு

கவுன்டர்ல இருந்தே திருப்பி அனுப்ப வேண்டியவங்க யாருன்னும் சொல்லிடறேன். வாய் லைக்கன் புற்றா மாறுறது நூத்துல ஒருத்தர் அளவுக்குத்தான், ஆனா அந்த ஒருத்தரைப் பேஸ்டை மாத்தி மாத்திக் குடுத்துத் தாமதப்படுத்தக் கூடாது. மூணு வாரமா ஆறாத ஒத்தைப் புண், விரலால தொட்டா அடியில கெட்டியா இருக்கிறது, நாக்கோட ஓரத்துல தடிப்பு, கழுத்துல கட்டி, காரணமில்லாத மரமரப்பு. இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ராஜாஜி ஆஸ்பத்திரி பல் பிரிவுக்கோ பக்கத்துப் பல் கல்லூரிக்கோ. எல்லாம் நல்லா இருக்கிறவங்களும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வாயைக் காட்டணும்.

#21 மாசிவீதி

சரிங்க டாக்டர். கடைசியா ஒண்ணு: ஈறு முழுக்க உரிஞ்சு கிடக்கிறவங்களுக்குப் பேஸ்ட் எங்கே வச்சாலும் வழியுது. அதுக்கு?

#22 பல்லாண்டு

தட்டு. பல்லுக்கு அச்சு எடுத்து, மெல்லிய மிருதுவான பிளாஸ்டிக்ல உறை மாதிரி செஞ்சு குடுப்பாங்க. விளிம்பு ஈறை முழுசா மூடுற அளவுக்கு இறங்கணும். பல் வெளுக்கிறதுக்குச் செய்யற உறை ஈறோரத்துலயே நின்னுடும், அது ஆகாது. குளோபெட்டசால் 0.05 சதவீத ஸ்டீராய்டு ஜெல்லை உள்விளிம்புல மெல்லிசா ஒரு கோடு விட்டு, மாட்டி, 15 - 20 நிமிஷம். வழிஞ்சு வெளியே வந்தா அளவு அதிகம்னு அர்த்தம், துடைச்சுட்டு மறுதடவை குறைச்சுக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி தட்டுக்குள்ள ரெண்டு சொட்டுத் தண்ணி. காய்ஞ்ச ஈறுல உலர்ந்த தட்டை மாட்டினா கழட்டறப்போ தோலும் சேர்ந்து வரும்.